ஆவுடையப்பன் மற்றும் பிறர், 2010

“ஆவுடையப்பனை எடுத்துக்கோ, யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

காப்பி மெஷின் இருந்த மூலையில், தடுப்புக்கு அந்தப்பக்கம் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். “அப்படியே போட்டுடவா? செக் பண்ண வேண்டாமா?” என்றாள் மற்றவள். “எல்லாரும் அதைத்தானே போடுறாங்க. நீ மட்டும் என்ன புதுசா?” பிறகு காகிதக் கோப்பைகள் தொட்டியில் விழுந்தன. செருப்புச் சத்தம் படியேறிப் போயிற்று. ஆராய்ச்சி மாணவிகளாக இருக்கும். தடுப்புக்கு இந்தப்பக்கம், மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில், கமிட்டி அறைக்கு எதிரே போட்டிருந்த ஸ்டீல் பெஞ்சில் ஆவுடையப்பனின் மகள் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. காந்திமதி மடியிலிருந்த ஃபைலை நேராக வைத்துக்கொண்டாள். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. பெஞ்சில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன, புடவைக் கஞ்சியையும் மீறி அவற்றின் குளிர்ச்சி தொடையில் தெரிந்தது. பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பத்து ஐம்பது. டெல்லியிலிருந்து வரவேண்டிய வெளி உறுப்பினரின் விமானம் தாமதம் என்று ஆபீஸ் லூர்துமேரி இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். முதுநிலைப் பேராசிரியர் பதவி ஒன்று, நேர்காணலுக்கு இரண்டு பேர். அகரவரிசைப்படி ஆவுடையப்பன் முதலில். எப்போதும் முதலில்தான்.

ஆவுடையப்பன் யாரென்று கேட்டால், வானத்தில் தூரம் அளக்கிற அத்தனை பேரும் ஓர் எண்ணைச் சொல்வார்கள். இருபத்துநான்கு லட்சம் ஒளியாண்டு. இன்னாரென்று ஓர் ஆளைச் சொல்லத் தெரியாது. அவர் பாளையங்கோட்டையில் இரண்டாவது மாடி வீட்டில், பல்செட்டைத் தம்ளரில் போட்டுவிட்டு, ஃபேனுக்கு அடியில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருப்பார் என்பதும், முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர் என்பதும், ஒரு தடவைகூடத் தொலைநோக்கியில் கண்ணை வைத்ததில்லை என்பதும் தெரியாது. முதல் கட்டுரையை அனுப்பியபோது அவளுக்கு இருபத்தேழு வயது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அந்தப் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகர மறுத்தது. எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்று யாரிடம் சொல்வது. இனிஷியலை விரித்துப் போட்டாள், படிவம் நகர்ந்தது. அதுவரை பள்ளிக்கூடத்தில், ரேஷன் கார்டில், எல்லாவற்றிலும் அப்பா ஒற்றை எழுத்து, அவள் முழுப் பெயர். அச்சில் அது தலைகீழாயிற்று. அப்பா முழுசாக நின்றார், அவள் ஒரு புள்ளி வைத்த எழுத்தானாள். மாநாடுகளில் ‘டாக்டர் ஆவ்டாயப்பான்’ என்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் அரை நொடி அவள் திரும்பி வாசலைப் பார்ப்பாள், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யாராவது வருகிறார்களா என்று. அப்புறம்தான் எழுந்து மேடைக்குப் போவாள். எல்லோரும் அதைக் கூச்சம் என்று நினைத்தார்கள். கூச்சமும் இருந்தது. அவள் பேசுகிற அறைகளில் எப்போதும் பின்வரிசை வரைக்கும் குரல் போகாது. ஆனால் அந்த எண் போயிற்று. அதற்குக் குரல் தேவைப்படவில்லை.

எண் ரொம்ப எளியது. நம்முடைய பால்வீதிக்கு வெளியே மங்கலான ஒரு குட்டி விண்மீன் கூட்டம். அதில் சில விண்மீன்கள் ஒரே தாளத்தில் பிரகாசமாகி மங்கிப் பிரகாசமாகித் துடிக்கும். துடிப்பின் வேகத்தைப் பார்த்தால் அது நிஜமாக எவ்வளவு பிரகாசமானது என்று சொல்லிவிடலாம். இங்கிருந்து எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று பார்த்தால் தூரம் வந்துவிடும். நடுவில் ஒரே ஒரு தொந்தரவு, தூசி. வழியில் மிதக்கிற தூசி வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். தின்றதைக் கணக்குப் போட்டு வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் விண்மீன் இருப்பதைவிடத் தள்ளி இருப்பதாகத் தெரியும். அதைச் செய்யத் தெரியாதவர் யாருமில்லை. முதலாண்டு மாணவர்கள் செய்வார்கள். அவளும் செய்தாள். வெளிநாட்டுத் தொலைநோக்கி ஒன்றிலிருந்து அட்டவணை வந்தது, நானூற்று எழுபது விண்மீன்கள், அவளுடைய கணினி நிரல் அதைப் படித்தது, தூசிக்குத் திருத்தம் போட்டது, தூரம் சொன்னது. அதுவரை யாரும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. மூன்று விழுக்காட்டுப் பிழைக்குள் என்று எழுதினார்கள். அந்தத் தூரத்தை முதல் படியாக வைத்து மற்றவர்கள் அடுத்த தூரத்தை அளந்தார்கள், அதை வைத்து அதற்கடுத்ததை. ஆயிரத்து முந்நூற்றுப் பதினொரு கட்டுரைகள். நேற்று வரைக்கும். மடியிலிருந்த ஃபைலில் நான்காம் படிவத்தில் அந்த எண்ணை அவளே நிரப்பியிருந்தாள். மேற்கோள் எண்ணிக்கை, தன் மேற்கோள்கள் நீங்கலாக என்று கேட்டிருந்தது. தன் கட்டுரையைத் தானே காட்டிய தன் மேற்கோள்கள் பதினாறு. அதையும் நேர்மையாகக் கழித்திருந்தாள். அதை நினைத்தபோது மேல் உதட்டில் வியர்த்தது. பதினாறைக் கழித்தவள்.

பதினேழு நாளைக்கு முன்னால் வரைக்கும் ஒன்றுமில்லை. கமிட்டிக்குக் காட்ட பழைய படம் ஒன்றைக் கொஞ்சம் பளிச்சென்று புதிதாக வரையலாம் என்றுதான் பழைய டிஸ்க்கைத் தேடி எடுத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, டிபன் பாக்ஸை இன்னும் கழுவாமல், தயிர் வாசனையோடு. நிரல் ஓடவில்லை, பதினைந்து வருஷத்து நிரல், எதுவோ மாறியிருந்தது. சரி, அட்டவணையையே திறந்து பார்ப்போம் என்று வெறும் எழுத்தாகத் திறந்தாள். அதை அப்படித் திறந்தது அதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தலையில் ஆறு வரிகள், ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஹாஷ் குறி. எந்தத் தொலைநோக்கி, எந்தத் தேதி, எந்த வடிகட்டி. நான்காவது வரி: தூசிக்கான திருத்தம் இந்தப் பிரகாச அளவுகளில் ஏற்கெனவே செய்யப்பட்டுள்ளது. ஹாஷ் குறியில் தொடங்கும் வரிகளைத் தாண்டிப் போ என்று நிரலில் ஒரு கட்டளை இருந்தது. எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள், அவை மனிதர்கள் படிப்பதற்கான வரிகள், இயந்திரத்துக்கு அவற்றில் வேலையில்லை. அவள் படித்துக்கொள்வாள் என்று இயந்திரம் அந்த வரிகளைத் தாண்டியது. அவளோ இயந்திரம் படித்துவிட்டது என்று அந்த வரிகளைத் தாண்டினாள். தின்னப்பட்ட வெளிச்சத்தை ஒருவர் முன்பே திருப்பிக் கொடுத்திருந்தார். அவள் இன்னொரு முறை கொடுத்தாள். விண்மீன்கள் இருப்பதைவிடப் பிரகாசமாயின, அதனால் பக்கத்தில் வந்தன. கையாலேயே போட்டுப் பார்த்தாள். இருபத்தாறு லட்சத்துச் சொச்சம். ஒன்பது விழுக்காடு. பென்சிலை வைத்துவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போனாள். சோப்பு நுரை ரொம்ப நேரம் போகாமல் இருந்தது. அந்தக் கூட்டம் அங்கேயேதான் இருந்தது, அது ஒன்றும் நகரவில்லை. ஆயிரத்து முந்நூறு பேர்தான் அதைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

கூட எழுதியவர்கள் இரண்டு பேர். வழிகாட்டிப் பேராசிரியர் ஆறு வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். இன்னொருவர் மென்பொருள் கம்பெனிக்குப் போய், இப்போது தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவதோடு சரி. மின்னஞ்சல் வரைவுப் பெட்டியில் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு திருத்தக் குறிப்பு பதினாறு நாளாக இருந்தது. நாலு வாக்கியம். முதல் இரண்டு நாள் அதில் ‘கவனக்குறைவால்’ என்ற சொல்லைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள். மூன்றாம் நாளிலிருந்து தேதிகளை எண்ணினாள். நேர்காணல் வியாழன். அதற்கடுத்த திங்கள் அனுப்பினால் என்ன. அனுப்பத்தானே போகிறோம். பதினைந்து வருஷம் இருந்தது இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் யாருக்கு என்ன கெட்டுவிடும். தவறு கண்டுபிடித்த தேதியை யாரும் கேட்கப் போவதில்லை. திங்கள் என்று முடிவானதும் நன்றாகத் தூங்கினாள். காலையில் பல் தேய்க்கும்போது, திங்கள் அனுப்பினால் கமிட்டி என்ன நினைக்கும் என்று வந்தது. திங்கள் வேண்டாம், ஒரு மாதம் கழித்து. ஒரு மாதம் கழித்து என்றால் ஆணை கைக்கு வந்திருக்கும், அப்போது அனுப்பினால் இன்னும் மோசம். அப்படியானால் ஆறு மாதம். ஆறு மாதம் என்றால் ஏன், ஒரேயடியாக யாராவது கண்டுபிடிக்கட்டுமே. அப்படி இப்படிச் சுற்றி மறுபடியும் திங்களுக்கே வந்தாள். இப்போதும் அங்கேதான் நின்றாள், பெஞ்சில் உட்கார்ந்தபடி, எதிர்ச் சுவரில் தீயணைப்புக் கருவியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக்கொண்டு. அடுத்த பரிசோதனைத் தேதி போன வருஷமே முடிந்திருந்தது. யாரோ ஃபினாயில் ஊற்றித் துடைத்திருந்த தரை இன்னும் ஓரங்களில் காயவில்லை.

ஆனால் அந்தப் பெண். அவளிடம் வந்துதான் எண்ணம் ஒவ்வொரு முறையும் சிக்கியது, ஆணியில் முந்தானை மாட்டுகிற மாதிரி. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டுரை மதிப்பீட்டுக்கு வந்தது. சிலே நாட்டுப் பெண் ஒருத்தி, தனி ஆள், கூட யாரும் எழுதவில்லை. வேறு வகை விண்மீன்களை வைத்து அதே கூட்டத்தின் தூரத்தை அளந்திருந்தாள். இருபத்தாறு லட்சம். மதிப்பிடுகிறவர் பெயர் எழுதியவருக்குத் தெரியாது, அதுதான் வழக்கம். காந்திமதி மரியாதையாகத்தான் எழுதினாள், அவளுக்குக் கடுமையாக எழுத வராது. ‘இம்முடிவு ஆவுடையப்பன் மற்றும் பிறர் (2010) நிறுவிய மதிப்போடு ஒத்துப்போகவில்லை. ஆசிரியர் தமது தூசித் திருத்தத்தை மீண்டும் சரிபார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ தூசித் திருத்தத்தை. அந்த இரண்டு சொல்லையும் தட்டச்சு செய்தது அவளுடைய இந்தக் கைதான், நகத்தோரம் தோல் உரிந்த இந்தக் கட்டைவிரல்தான் இடைவெளிப் பொத்தானை அழுத்தியது. அந்தப் பெண் சரிபார்த்துவிட்டு, எல்லாம் சரியாகவே இருக்கிறது என்று நாலு பக்கம் பதில் எழுதினாள். கடைசியில் ஒரு வாக்கியம்: வேறு எங்கே பார்க்க வேண்டுமென்று மதிப்பீட்டாளர் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். காந்திமதி சொல்லவில்லை. நிராகரிக்கலாம் என்ற கட்டத்தில் டிக் போட்டாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அன்றைக்கு வீட்டில் கேஸ் சிலிண்டர் வரவேண்டியிருந்தது. பதினேழு நாளைக்கு முன்னால் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒரு கட்டுரைகூட இல்லை. கல்யாணம் பண்ணிக்கொண்டிருக்கலாம். வேறு வேலைக்குப் போயிருக்கலாம். உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம். ஆயிரம் காரணம் இருக்கும். ஆயிரத்து முந்நூற்றுப் பதினொன்று. யாரும் படித்துவிட்டு மேற்கோள் காட்டுவதில்லை, அதுவும் தெரியும். ஒரு தடவை பொழுது போகாமல் ஐம்பது கட்டுரைகளை எடுத்துப் பார்த்தாள். நாற்பத்திரண்டில் ஆவுடையப்பன் முதல் பத்தியில் அடைப்புக்குறிக்குள், ஏழெட்டுப் பேரோடு நெருக்கியடித்து, டவுன் பஸ்ஸில் நிற்கிறவர் மாதிரி நின்றார். ஒன்றில் அவர் சொல்லவே சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாகப் போட்டிருந்தது. அப்போது அவள் சிரித்தாள்.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. அப்பா. எடுக்காவிட்டால் எடுக்கும்வரை அடிப்பார். எக்ஸ்சேஞ்சில் பழகிய கை.

“ஏட்டி, உள்ள கூப்ட்டாச்சா?”

“இன்னும் இல்லப்பா.” அவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

“சரி சரி, மெதுவா கூப்பிடட்டும். இந்தா, காலைல பாத்தேன். முந்நூத்தி இருவத்தெட்டு. நேத்தைக்கு இன்னைக்கு ஒண்ணு கூடிருக்கு.” ஆயிரத்தைச் சொல்வதை அவர் எப்போதோ விட்டுவிட்டார், சென்னை நம்பர்களில் ஊர்க்குறியீட்டை விடுகிற மாதிரி. அவள் கழித்த பதினாறை அவர் கழிப்பதில்லை. அத்தை பேரன் ஒருவன் போனில் எப்படித் தேடுவது என்று காட்டிக் கொடுத்ததிலிருந்து, பேப்பர் படித்து முடித்ததும் தன் பெயரைத் தட்டிப் பார்ப்பது அவருக்குத் தினப்படி வேலை. “எந்த ஊர்க்காரன்னு பாத்தேன், கொரியாக்காரன் போலிருக்கு. நம்ம பேரை வாய்க்குள்ள எப்படித்தான் நுழைச்சானோ.”

பின்னாலிருந்து அம்மா குரல் கேட்டது. “நம்ம பேராம்லா. படிச்சது அவ, பேரு இவுகளுக்கு. பெத்தவ பேரு ஒரு எடத்துலயும் கெடையாது.”

“நீ சும்மா இரி. ஏட்டி, பக்கத்து வீட்டு அண்ணாச்சி நேத்து கோயில்ல கேக்காரு, ஆவுடையப்பா, ஒன்னய வெள்ளைக்காரன்லாம் ஆதாரமாக் காட்டுதானாமேன்னு. நான் ஒண்ணும் சொல்லல. சிரிச்சுக்கிட்டேன்.”

ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்பதை அவள் நம்பவில்லை. “அப்பா,” என்றாள். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் யாரோ வந்துகொண்டிருந்தார்கள். “அதுல ஒரு தப்பு இருந்தா?”

“எதுல?”

“அந்தப் பேப்பர்ல.”

 தொண்டையைச் செருமினார். “அதெப்படிட்டி இருக்கும்? ஆயிரத்து முந்நூறு பேரும் பாத்துட்டுத்தான போட்டிருப்பான்? ஒருத்தன் கண்ணுல படாதா?” அப்புறம் குரலை இறக்கி, “பயமா இருக்கோ? பரீட்சைன்னா ஒனக்கு எப்பவும் வயித்த கலக்கும். ஒரு வாய் தண்ணி குடி. வச்சிருதேன்,” என்று வைத்துவிட்டார்.

ஒருத்தன் கண்ணுல பட்டது, ஒருத்தி கண்ணுல, என்று அவள் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை. வந்துகொண்டிருந்தவர் தாமோதரன், இரண்டாவது ஆள். மாடிப்படி ஏறிய மூச்சோடு, கோட்டை ஒரு கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்தார். வேலூர் வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவருக்குப் பெங்களூரில் எதற்குக் கோட்டு என்று துறையில் கேலி பேசுவார்கள், அவர் வாங்கியாயிற்று போட்டுத்தானே ஆக வேண்டும் என்பார். அவளைவிட ஐந்து வயது இளையவர். “என்ன மேடம், முதப் பந்திக்கு இடம் பிடிச்ச மாதிரி உக்காந்துட்டீங்க,” என்று பக்கத்து இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்தார். பெஞ்சு முழுதும் ஆடியது. “இலை போட்டாச்சா?”

“டெல்லிக்காரர் வரல.”

“வரட்டும், வரட்டும். உங்களுக்கென்ன. எனக்குத்தான் ராத்திரியெல்லாம் பேதி.” அவர் கோட்டுப் பையிலிருந்து இஞ்சி மிட்டாய் எடுத்து நீட்டினார். அவள் ஒன்றை எடுத்துக்கொண்டாள். நாக்கில் புண் இருந்தது, எரிந்தது, துப்ப இடமில்லை. “உண்மையைச் சொல்லட்டுமா மேடம்? ஒரே போஸ்ட்டு, அதுவும் உங்க கூடன்னதும் என் பொண்டாட்டி கேட்டா, பேசாம வீட்லயே இருந்துடுங்களேன், துணியாவது மடிச்சு வைக்கலாம்னு. நான் சொன்னேன், ஏய், அவங்க பேப்பர் இல்லேன்னா நான் இன்னிக்கு எங்கயாவது டுடோரியல்ல நியூட்டன் விதி நடத்திக்கிட்டு இருந்திருப்பேன். தோத்தாலும் அவங்ககிட்டத் தோக்கறது மரியாதைடி.” அவர் சிரித்தார். நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார் என்று பட்டது. அதுதான் தொந்தரவாக இருந்தது. பொறாமைக்காரராக இருந்திருக்கலாம். முதுகுக்குப் பின்னால் எதையாவது பேசியிருக்கலாம். பதினொரு வருஷமாக அவர் செய்ததெல்லாம் அவளுடைய இருபத்துநான்கு லட்சத்திலிருந்து தொடங்கி மேலே மேலே போவது. அதிலிருந்து வெடிக்கும் விண்மீன்கள், அதிலிருந்து தொலைதூரத் திரள்கள். சிரத்தையான ஆள். தன் பங்குக்கு ஒரு தப்பும் செய்யமாட்டார், எல்லா அட்டவணையின் தலைவரிகளையும் படிக்கிறவர், மாணவர்களைத் திட்டுவார், ஹெடரைப் படிங்கடா, ஹெடரைப் படிங்கடா என்று அவருடைய குரல் லேப் வரைக்கும் கேட்கும். அவளுடைய அட்டவணையை அவர் கேட்டதேயில்லை. கேட்பது அவமரியாதை என்று நினைத்திருப்பார்.

அவர் ஃபைலைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். “இது போன வாரம் வந்தது. பாருங்க, எவ்வளவு அழகா ஒரே கோட்டுல உக்காருது. இந்த ஒண்ணு மட்டும் கொஞ்சம் விலகி நிக்குது, அது ஏன்னுதான் புரியல. ஒம்பது பர்சென்ட் கிட்ட. எனக்குத் தெரிஞ்சு என் பக்கம்தான் ஏதோ தப்பு. ரெண்டு மாசமா தேடிக்கிட்டு இருக்கேன். நாளைக்கு ஒரு அரை மணி நேரம் உக்காந்து பாக்கறீங்களா மேடம்? நீங்க பாத்தா பிடிச்சுடுவீங்க.” விலகி நின்ற புள்ளியின் மேல் அவருடைய சுண்டுவிரல் இருந்தது. நகம் குட்டையாக வெட்டப்பட்டிருந்தது, பக்கத்தில் மையின் நீலம். ரெண்டு மாசமா. அவளுக்குப் பதினேழு நாள்தான். திங்கள்கிழமை அனுப்பினால் வெள்ளி, சனி, ஞாயிறு அவர் இன்னும் தேடுவார். சனிக்கிழமை லீவுகூட எடுக்கமாட்டார். இது எவ்வளவு சின்னக் கணக்கு. ஆயிரத்து முந்நூறு என்று வரும்போது மனசு மரத்துப்போய்விட்டது, பாளையங்கோட்டை அப்பாவிடம்கூட அது ஒரு வகையில் மரத்துத்தான் இருந்தது, சிலே பெண்ணிடம் மட்டும் சிக்கியது, அவளும் முகமில்லாதவள். இங்கே முகம் இருந்தது, மீசையில் இரண்டு நரை, மூக்கின் மேல் கண்ணாடி அழுத்திய தடம். மூன்று நாள். அவ்வளவுதான். மிட்டாயின் இனிப்பு கரைந்து காரம் மட்டும் நின்றது. இப்போது சொல்லலாம், இந்த நொடி, தாமோதரன் உங்கள் பக்கம் ஒன்றுமில்லை என்று. நாக்கு அசைந்தது. அது மிட்டாயைத்தான் தள்ளியது. சொன்னால் அவர் பதினொரு வருஷமும் அவிழும். அவருடைய முறை அவளுக்கு அடுத்தது. அவிழ்ந்த கையோடு உள்ளே போய் என்ன பேசுவார். சொல்லாவிட்டால் உள்ளே போய் அவளுடைய எண்ணைப் புகழ்ந்து பேசுவார், தன் தப்பைத் தேடிக்கொண்டிருப்பதாகவும் சொல்வார், அதை எழுதிக்கொள்வார்கள். அவர் தப்பு என்று. கமிட்டிக் குறிப்பில் அது மையில் இருக்கும்.

“பாக்கலாம்,” என்றாள்.

“அப்ப நாளைக்கு மூணு மணி?”

“ம்.”

லிஃப்ட் திறந்தது. பெட்டியை உருட்டிக்கொண்டு டெல்லிக்காரர் போனார், வெண்ணிறத் தலை, இரண்டு பேரையும் பார்த்துப் பொதுவாக ஒரு தலையசைப்பு. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே நாற்காலிகள் இழுபட்டன, யாரோ சிரித்தார்கள். பதினொன்று நாற்பது. லூர்துமேரி எட்டிப் பார்த்து, “ஆவுடையப்பன் மேடம், வாங்க,” என்றாள். “போய்ட்டு வாங்க மேடம், எனக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்க,” என்றார் தாமோதரன். காந்திமதி எழுந்தாள். புடவையின் பின்பக்கம் பெஞ்சு ஓட்டைகளின் தடத்தோடு நிற்கும் என்று தோன்றியது, கையால் தடவிவிட்டுக்கொண்டாள்.

உள்ளே ஆறு பேர். ஏசி அதிகம். ஒவ்வொருவர் முன்னாலும் அவளுடைய நான்காம் படிவம், முந்திரி பிஸ்கட், மூடி போட்ட தண்ணீர்த் தம்ளர். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தமிழர்தான், தஞ்சாவூர்ப் பக்கம், அவளிடம் மட்டும் தமிழில் தொடங்குவார். “உங்களைப் பத்தி நாங்க புதுசா என்னம்மா கேக்கறது. ஆயிரத்து முந்நூத்திப் பதினொண்ணுன்னு போட்டிருக்கீங்க. இந்த இன்ஸ்டிட்யூட்லயே யாருக்கும் கிடையாது. சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு, அந்த 2010 பேப்பரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க. அப்புறம் டீ.” டெல்லிக்காரர் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் சத்தம் ரொம்பக் கூர்மையாகக் கேட்டது. ரெண்டு வார்த்தை. தயாரித்து வந்த ரெண்டு வார்த்தை இருந்தது. அது வாயில் வந்து வரிசையாக நின்றது. திங்கள்கிழமை என்று ஒரு குரல் உள்ளே சொன்னது, அவள் குரல்தான். அந்த வரிசையை அப்படியே விட்டுவிட்டு அவள் வாயைத் திறந்தாள்.

“அந்தப் பேப்பர்ல தூரம் தப்பு சார்.”

பிஸ்கட் சத்தம் நின்றது. “எக்ஸ்க்யூஸ் மீ?” என்றார் ஒருவர்.

“ஒம்பது பர்சென்ட். என் தப்பு. எப்படின்னு இப்பச் சொல்றேன்.” குரல் பின்வரிசைக்குப் போகவில்லை, ஆனால் அங்கே பின்வரிசை இல்லை. “அதுக்கு முன்னாடி…”

அவள் எழுந்தாள். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். காந்திமதி நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். பெஞ்சில் தாமோதரன் படத்தை முட்டியில் வைத்து, விலகிய புள்ளியைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டிருந்தார்.

“தாமோதரன், உள்ள வாங்க,” என்றாள்.

“மேடம், ஒவ்வொருத்தராத்தான் வரணும்,” என்று லூர்துமேரி ஓடி வந்தாள். “ரூல் அப்படி.”

“தெரியும். இவர் இல்லாம சொல்ல முடியாது.”

அவர் ஒன்றும் புரியாமல், கோட்டை மாட்டிக்கொள்ள ஒரு கையை நுழைத்தபடியே எழுந்து வந்தார். மேஜைக்கு இந்தப்பக்கம் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. காந்திமதி அதில் அவரை உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டு, தூசியிலிருந்து ஆரம்பித்தாள்.